பெருமலைப்பாளையத்தார் இரு நாட்டு மலையைப் பார்த்துவந்த கதை

பெருமலைப்பாளையத்தில் மலை கிடையாது. குன்று கிடையாது, கரடு கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாறைகூடக் கிடையாது. ஊருக்குள் உயரமான இடம் எது என்று கேட்டால் பேருந்து நிலையத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையைக் காட்டுவார்கள். பெயரில் மட்டும் எப்படியோ ஒரு மலை வந்து உட்கார்ந்துவிட்டது.

சென்னையில் ஓர் அலுவலகம் மலைப்பூங்கா அமைக்க ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெயரில் எங்கே மலை வந்தாலும் அந்த ஊருக்கு ஒரு குறி. அப்படிப் பெருமலைப்பாளையம் பேரூராட்சிக்கும் கடிதம் வந்தது. தங்கள் மலையில் பூங்கா அமைக்கும் முன், ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் நடுவில் எல்லையின் இரு பக்கமும் பரந்துகிடக்கும் மணற்கல் மலைத் தேசியப் பூங்காவை நால்வர் குழு நேரில் சென்று பார்த்து வரவும் என்று அதில் இருந்தது.

மன்றக் கூட்டத்தில் கடிதத்தைப் படித்ததும், நமக்கு மலையே இல்லை என்று பதில் எழுதிவிடலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"மலை இருக்குதான்னு அவங்க கேக்கலீங்களே," என்றார் செயல் அலுவலர் திருமூர்த்தி. "பாத்துட்டு வாங்கன்னுதான் எழுதியிருக்குது. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதறது விதிமீறலுங்க."

திருமூர்த்தி இருபத்திரண்டு வருட சர்வீஸில் காகிதத்தில் உள்ளதற்கு மேலே ஒரு அடி வைத்ததில்லை, கீழேயும் வைத்ததில்லை. குழுவில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது, தலைவர் செங்கோடன். நல்ல பாரியான உடம்பு. எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசிப்பார், சில சமயம் திறக்க மறந்துவிடுவார். மூன்றாவது, துணைத்தலைவர் நாச்சிமுத்து. ஊரில் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர். நான்கு வருடமாகத் தலைவரோடு பேசும்போதெல்லாம் தலைவரின் முகத்தைப் பார்க்காமல் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்தே பேசுவார். நான்காவது, ஐந்தாம் வார்டு கவுன்சிலர் மயிலாத்தாள். நாற்பது வெள்ளாடு வளர்க்கிறவர். அந்த மலையில் மேய்ச்சல் எப்படி என்று பார்த்துவரக் கிளம்பினார். நால்வரில் அவர் ஒருவருக்குத்தான் போவதற்கு ஒரு காரணம் இருந்தது.

பூங்கா வாசலில் அவர்களுக்காகக் காத்திருந்தவர் குணநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக அந்தப் பக்கத்தில் இருக்கிறார். மலை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது தொழில். தமிழ்க் குழு ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டதும் தானே ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அன்று காலை அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இங்கே குறித்துவைப்பது நல்லது. பிறகு அது தென்படவில்லை.

"முதல்லை இந்த வரைபடத்தை வடிவாப் பாருங்கோ," என்றார் குணநாயகம், வாசலில் இருந்த பெரிய பலகையைக் காட்டி. அவர் சொன்னது, நன்றாகக் கவனித்துப் பாருங்கள் என்று.

மற்ற மூவரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள்.

"வடிவுன்னா அழகுங்க," என்றார் திருமூர்த்தி. "அழகாப் பாக்கச் சொல்றாரு."

தலைவர் சீப்பை எடுத்து மீசையை வாரிக்கொண்டார். நாச்சிமுத்து முகத்துக்குப் பவுடர் பூசினார். மயிலாத்தாள் கொண்டையை அவிழ்த்து முடிந்தார். பிறகு நால்வரும் வரிசையாக நின்று, முகவாயைச் சற்றே உயர்த்தி, புன்னகையோடு வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்தார்கள். அதில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பார்த்த விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

"இன்னொண்டு," என்றார் குணநாயகம். "இஞ்சை ஒண்டையும் விட்டிட்டுப் போகப்படாது. இஞ்சையிருந்து ஒண்டையும் கொண்டு போகவும் படாது. விளங்குதோ? நில்லுங்கோ, நான் கந்தோரிலை பதிஞ்சிட்டு வாறன்."

அவர் அலுவலகத்துக்குள் போனதும் நால்வருக்கும் கவலை பிடித்துக்கொண்டது. எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. ஆளுக்கொரு பை நிறையத் துணி. போதாததற்கு இரண்டு நாளைக்குத் தாங்கும்படி புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், முறுக்கு, ஒரு டப்பா தேங்காய் பர்பி.

"பையை இங்கயே வெச்சா, விட்டுட்டுப் போனதாயிரும்," என்றார் திருமூர்த்தி. "தூக்கிட்டு நடந்தா, கொண்டு போனதாயிரும்."

"வெக்கவும் கூடாது, தூக்கவும் கூடாதுன்னா பை எங்கதான் இருக்கறது?" என்றார் தலைவர்.

மயிலாத்தாள் சாதத்தைப் பார்த்தார். "தின்னுபோட்டா யாரும் கொண்டு போறோம்னு சொல்ல மாட்டாங்கல்லங்க. வயித்துக்குள்ள இருக்கறது உடம்போட சேர்த்திதான்."

இந்த வாதத்தில் ஓட்டை தேடிப் பார்த்தார் திருமூர்த்தி. கிடைக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டை அங்கேயே நின்றபடி சாப்பிட்டு முடித்தார்கள். அதே நியாயப்படி, உடுத்தியிருக்கிற துணியும் உடம்போடு சேர்த்திதான் என்று முடிவானது. பையிலிருந்த துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். தலைவர் ஆறு சட்டை, நான்கு வேட்டி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு. காலிப் பைகளை மடித்துச் சட்டைக்குள் செருகினார்கள். குடை மட்டும் எங்கேயும் அடங்கவில்லை. அதை நாச்சிமுத்து முதுகுப் பக்கம் சட்டைக்குள் இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரால் குனிய முடியவில்லை.

குணநாயகம் திரும்பி வந்தார். நான்கு ஆட்களை விட்டுப் போன இடத்தில் நான்கு மூட்டைகள் நின்றன.

"குளிருதோ?" என்று கேட்டார்.

"வேர்க்குதுங்க," என்றார் தலைவர். "ஆனா விதின்னா விதிதானுங்களே."

குணநாயகம் வானத்தைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

நல்ல இடம் அது. தேன் நிறத்தில் கோபுரம் கோபுரமாகப் பாறைகள் காட்டுக்குள்ளிருந்து எழும்பி நின்றன. சில பாறை தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்து, சில பாறை தட்டுத் தட்டாக அடுக்கி வைத்த மாதிரி. இடுக்குகளில் பாசி, உச்சியில் ஒற்றைப் பைன் மரம். மயிலாத்தாள் மட்டும் நின்று நின்று பார்த்தார். இத்தனை பச்சை இருந்தும் ஒரு ஆட்டைக்கூடக் காணோமே என்று அவருக்கு மனசு ஆறவில்லை.

அரைமணி நேரம் போனதும் குணநாயகம் கையைக் காட்டி நிறுத்தினார். செங்குத்துப் பாறை ஒன்றைச் சுட்டிக்காட்டி, மெல்லிய குரலில், "உதிலை வல்லூறு கூடு வைச்சுக் குஞ்சு பொரிச்சிருக்கு. இந்தப் பள்ளத்தாக்கு முடியிற வரைக்கும் ஒருத்தரும் கதைக்கப்படாது," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நால்வரும் தலையாட்டினார்கள்.

"கதை விடக்கூடாதாமா," என்று திருமூர்த்தி விளக்கினார். "நெசம் மட்டும் பேசலாம்."

தலைவர் அப்போதுதான் போன தேர்தலுக்குப் பிறகு தான் கொண்டுவந்த குடிநீர்த் திட்டத்தைப் பற்றி வாய் திறந்திருந்தார். மூடிக்கொண்டார். வேறு எதையாவது சொல்லலாமா என்று யோசித்தார். புதிய மார்க்கெட், பூங்கா, எரியாத தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். திருமூர்த்தி தான் இதுவரை எழுதிய அறிக்கைகளை நினைத்துப் பார்த்து வாயே திறக்கவில்லை. நாச்சிமுத்து, "தலைவரே, நீங்க நல்லா இருக்கோணும்னுதான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, இருமுவது போல் செய்தார்.

மயிலாத்தாளுக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. அவரிடம் நிஜம் நிறைய இருந்தது. ஐந்தாம் வார்டுக்குப் பதினொரு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருவதில் ஆரம்பித்தார். சாக்கடைக்கு மூடி போட்டதாகக் கோப்பில் இருப்பதையும் அந்தச் சாக்கடைக்குள் அவர் ஆடு விழுந்ததையும் சொன்னார். புறம்போக்கில் நின்ற புளியமரம் யாருடைய மில்லுக்குப் போனது என்பதையும் சொன்னார். பள்ளத்தாக்கு முழுக்க அவர் குரல் எதிரொலித்தது. பாறையிலிருந்து வல்லூறு எழும்பி இரண்டு வட்டம் போட்டது.

குணநாயகம் ஓடி வந்தார். "ஏனம்மா இப்பிடிக் கதைக்கிறியள்?"

"கதையே இல்லீங்க," என்றார் மயிலாத்தாள். "அத்தனையும் நெசம். வேணும்னா இவங்களையே கேளுங்க."

மூவரும் அவசரமாக வல்லூறைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதற்கப்புறம் காடு மாறியது. ஒரு பெரிய சரிவு முழுக்கப் பட்டுப்போன மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன. நாச்சிமுத்துவுக்கு மூச்சே நின்றுவிட்டது. பெருமலைப்பாளையத்தில் ஒரு வேப்பமரம் காற்றில் சாய்ந்தால், தரையைத் தொடுவதற்குள் அவர் மில்லுக்கு வந்துவிடும்.

"இதையெல்லாம் ஏனுங்க ஏலம் விடலை?" என்று கேட்டார்.

"இது இயற்கையின்ரை இடம்," என்றார் குணநாயகம். "இஞ்சை விழுந்தது விழுந்தபடி கிடக்கோணும். ஒருத்தரும் தொடப்படாது, தூக்கப்படாது. அது அப்பிடியே கிடந்து உக்கி மண்ணாப் போகும். உக்கின இடத்திலையிருந்து புதுசு முளைக்கும்."

இதைத் திருமூர்த்தி இரண்டு தடவை வாய்க்குள் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

மணி இரண்டரை ஆயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆற்றுப் பள்ளத்தில், நாலு மணிக்குக் கடைசிப் படகு. நால்வரும் உடுத்தியிருந்த துணியின் கனத்தில் ஆமை மாதிரி நகர்ந்தார்கள். குணநாயகம் நின்றார்.

"நான் முன்னுக்குப் போய்ப் படகை மறிச்சு வைக்கிறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ. பயப்பிடாதேங்கோ, இந்தப் பாதையிலை பிழைக்க வழியே இல்லை."

வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லை என்பதை அவர் ஊரில் அப்படிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவர் வேகமாக இறங்கிப் போய்விட்டார். நால்வரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"பிழைக்க வழியே இல்லைன்னுட்டாரே," என்றார் நாச்சிமுத்து.

"அதையும் எத்தனை சாதாரணமாச் சொல்லிப்போட்டுப் போறாரு பாருங்க," என்றார் மயிலாத்தாள். "பயப்படாதீங்கன்னு வேற."

தலைவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "எம் பேர்ல பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வளைவு வெக்கோணும்," என்றார் மெதுவாக.

"குறிச்சுக்கறனுங்க," என்றார் திருமூர்த்தி. "பிழைச்சுப் போனா."

பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்குக்குள் நுழைந்தது. மணற்கல் இடுக்கு, ஒரு ஆள் சாதாரணமாகப் போகலாம். இடுக்கின் அந்த முனையில் ஒரு சின்ன வெள்ளைக் கல் நட்டிருந்தது. அதுதான் இரண்டு நாட்டுக்கும் எல்லை. காவல் இல்லை, கதவு இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. மற்ற மூவரும் பக்கவாட்டில் திரும்பி எப்படியோ நசுங்கிப் புகுந்து, ஆளுக்கொரு பித்தான் அறுந்து, வெளியே போய்விட்டார்கள். ஆறு சட்டைத் தலைவர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

மயிலாத்தாள் முன்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தார். திருமூர்த்தி மறுபடியும் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளினார். நாச்சிமுத்து குனிய முடியாததால் மேற்பார்வை பார்த்தார். மூன்றாவது தள்ளலில் தலைவர் சோடாப் புட்டி மூடி மாதிரி கிளம்பி வந்து, எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், குறுக்காக, மல்லாக்க விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை, அத்தனை துணி. ஆனால் அதே துணி காரணமாக எழுந்திருக்கவும் முடியவில்லை. கையும் காலும் ஆகாயத்தில் ஆடின.

மயிலாத்தாள் தூக்கப் போனார்.

"தொடாதீங்க," என்றார் திருமூர்த்தி. "விழுந்தது விழுந்தபடி கிடக்கோணும்."

மயிலாத்தாள் கையை இழுத்துக்கொண்டார். மூவரும் தலைவரைச் சுற்றி நின்று யோசித்தார்கள். தலைவரும் படுத்தபடி யோசித்தார்.

"அது மரத்துக்குச் சொன்னதில்லீங்களா?" என்றார் மயிலாத்தாள். "இவரு மரமா?"

"அதை அவருகிட்டத்தான் கேக்கோணும்," என்றார் திருமூர்த்தி. "ஏனுங்க தலைவரே, நீங்க மரமுங்களா?"

தலைவர் கண்ணை மூடினார். "போன வருஷம் எதிர்க்கட்சிக்காரங்க சுவரொட்டி ஒட்டினாங்கல்ல, 'மரம் மாதிரி உக்கார்ந்திருக்கும் தலைவரே'ன்னு. அதுக்கு நாம மறுப்பு அறிக்கை விட்டமா?"

"விடலீங்க."

"அப்ப ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்."

"பதிவுப்படி மரம்தானுங்க," என்றார் திருமூர்த்தி வருத்தத்தோடு.

அடுத்த சிக்கலை அவரே கண்டுபிடித்தார். தலைவரின் தலை கல்லுக்கு அக்கட்டால, செக் நாட்டில் கிடந்தது. கால் இக்கட்டால, ஜெர்மனியில். "தலைவர்ங்கற பதவிக்குத் தலைதான் ஆதாரம். தலை அந்த நாட்டுல இருக்கறதால தலைவர் அந்த நாட்டுல இருக்காரு. இந்த நாட்டுல இருக்கறது வெறும் காலு."

நாச்சிமுத்து ஒரே எட்டில் கல்லைத் தாண்டி ஜெர்மனிப் பக்கம் வந்து நின்றார். "அப்ப இந்த நாட்டுல தலைவர் இல்லை. தலைவர் இல்லாத எடத்துல துணைத்தலைவர்தான் பொறுப்பு. சட்டத்துல இருக்குதுங்களா இல்லைங்களா?"

"இருக்குதுங்க."

"கூட்டத்தை ஆரம்பிக்கிறேன்," என்றார் நாச்சிமுத்து. நான்கு வருடமாக அவர் மனசுக்குள் ஒத்திகை பார்த்த குரல் அது. "விழுந்த தலைவரை விழுந்தபடி விடுவதுன்னு தீர்மானம். அவரு இங்கயே கெடந்து உக்குவாரு. உக்கின எடத்துல புதுத்தலைவர் முளைப்பாரு. இதுல யாருக்கும் நட்டமில்லை."

"பாவமுங்க, ஊட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது," என்றார் மயிலாத்தாள்.

"முளைக்கறவரு பாத்துக்குவாரு."

ஓட்டெடுப்பு நடந்தது. நாச்சிமுத்து ஆதரவு. திருமூர்த்திக்கு ஓட்டு இல்லை. மயிலாத்தாள் எதிர்ப்பு. ஒன்றுக்கு ஒன்று சமம். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த நேரத்தில் உண்மையாகவே துக்கம் வந்தது. மூத்த மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. புதுச் செருப்பு ஒரு தடவைகூடப் போடவில்லை. இருந்தாலும் விதியை மீறினார் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது. படுத்தபடியே கையைத் தூக்கினார்.

"ஆதரவு," என்றார். "குறிப்புல 'கனத்த மனதோடு'ன்னு சேர்த்துக்கங்க."

தீர்மானம் நிறைவேறியது. நாச்சிமுத்து தலைவரின் பக்கத்தில் நின்றபடி ஏதாவது முளைக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். மயிலாத்தாள் தலைவரின் நெற்றியில் ஏறிய எறும்பை ஊதிவிட்டார், தொடவில்லை.

இருபது நிமிடம் கழித்து உள்ளூர்க் கிழவர் ஒருவரும் கிழவி ஒருத்தியும், கையில் ஊன்றுகோலோடு, அந்த வழியாக வந்தார்கள். தலைவரைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூவரும் திகைத்துப் போனார்கள்.

"படிச்சவங்க மாதிரி இருக்காங்க. அவங்க ஊர்ச் சட்டம் அவங்களுக்கே தெரியலை," என்றார் திருமூர்த்தி.

"தீர்மானம் நிலுவையில இருக்குது," என்று நாச்சிமுத்து ஞாபகப்படுத்தினார்.

தலைவர், தன் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பழைய இடத்திலேயே கவனமாகப் படுத்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குணநாயகம் மூச்சு வாங்க ஓடி வந்தார். பார்த்தார். நடந்ததையெல்லாம் திருமூர்த்தி வரிசைப்படி எடுத்துச் சொன்னார், தீர்மானத்தின் வாசகம் உட்பட. வழிகாட்டியாக முப்பது வருடம் இருந்தவருக்கு எந்த வழி எங்கே போகும் என்று தெரியாமலா இருக்கும்.

"நீங்கள் சொல்றது சரி," என்றார். "விழுந்த மரத்தைத் தொடப்படாது. ஆனால் அது இந்த மண்ணிலை முளைச்ச மரத்துக்கு. இவர் வெளிநாட்டு மரம். வெளியிலையிருந்து வந்த மரத்தை ஒரு நிமிஷமும் இஞ்சை விட்டு வைக்கப்படாது. கிடந்து முளைச்சுதெண்டால் காடே கெட்டுப் போகும். உடனே அகற்றச் சொல்லிச் சட்டம்."

தலைவரின் முகம் மலர்ந்தது. நாச்சிமுத்துவின் முகம் விழுந்தது. ஆனால் சட்டம் என்ற பிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மரம் நடக்காது என்பதால் தலைவரை நால்வருமாகத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தலைவர் கையைக் காலை ஒட்டி விறைப்பாக வைத்துக்கொண்டார். வளைவுகளில் மட்டும், "இக்கட்டால திருப்புங்க," என்று சொன்னார்.

படகில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் வானம் வரை போயின. தலைவர்தான் முதலில் கேட்டார், இதையெல்லாம் யார் கட்டினார்கள் என்று.

"ஒருத்தரும் கட்டேல்லை," என்றார் குணநாயகம். "இது ஒருகாலத்திலை கடல். கடலுக்கு அடியிலை மணல் படிஞ்சு படிஞ்சு, இறுகிக் கல்லாகி, பிறகு மேலை வந்தது. பத்துக் கோடி வருஷக் கணக்கு. மலையான பிறகு காத்தும் மழையும் அதை அரிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்க்குது. இப்பவும் தேய்ஞ்சுகொண்டுதான் கிடக்கு."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போன காரியம் அந்தக் கணத்தில் முடிந்துவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாளே சந்தைத் திடலில் வேலை ஆரம்பமானது. ஆற்றிலிருந்து எண்பது லாரி மணல் வந்தது. ஆற்றில் மணல் அள்ளத் தடை இருந்தது. ஆனால் அது வீடு கட்டத்தான் தடை, மலை கட்ட அல்ல என்று திருமூர்த்தி விளக்கம் எழுதினார். கடல் வேண்டுமே என்று, பத்து மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். மணல் இறுகும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று, மக்கள் மலையேறுவதற்கு வசதியாக அதன் ஒரு பக்கத்தில் நாற்பது சிமெண்டுப் படி கட்டினார்கள். நெரிசல் வரும் என்று முன்கூட்டியே யோசித்துப் படியின் அடியில் ஒரு பலகையும் வைத்தார்கள்: ஏறுவதற்கு மட்டும். இறங்கும் பாதை மலையின் மறுபக்கம்.

பணி முடியப் பத்துக் கோடி ஆண்டு அவகாசம் வேண்டும் என்று திருமூர்த்தி சென்னைக்கு எழுதினார். மார்ச் முப்பத்தொன்றுக்கு மேல் நீட்டிக்க இயலாது என்று பதில் வந்தது.

இதற்கிடையில் மணல் குறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் பொழுது விடிந்தால் ஒரு ஆள் உயரம் காணோம். அதே சமயத்தில் ஊரில் நிறைய மாடி எழும்பியது. நாச்சிமுத்து வீட்டில் இரண்டு. குழு அவசரமாகக் கூடியது.

"மணல் தேயுதுங்க," என்றார் திருமூர்த்தி.

"தேயறது எப்பன்னு சொன்னாரு அவரு?" என்று கேட்டார் நாச்சிமுத்து, யாரையும் பார்க்காமல். "மலையான பிறகுதானே தேயும்னாரு?"

தலைவர் கண்ணை மூடி யோசித்துத் திறந்தார். "அப்ப மலை ஆயிருச்சு."

"ஆயி, வயசாயி, தேய ஆரம்பிச்சிருச்சுங்க," என்றார் திருமூர்த்தி. "பத்துக் கோடி வருஷ வேலை. நாம பதினெட்டு நாள்ல முடிச்சிருக்கோம்."

"எங்கூட்டு ஆடு அதுல படுத்திருந்துச்சு. எந்திரிச்சா கீழ மலையைக் காணோம்," என்றார் மயிலாத்தாள். இது குறிப்பில் ஏறவில்லை.

தேய்ந்து முடிவதற்குள் திறந்துவிட வேண்டும் என்று அவசரமாக நாள் குறித்தார்கள். இருந்தும் ஒரு நாள் பிந்திவிட்டது. திறப்பு விழாவன்று திடலில் நாற்பது படிகள் மட்டும் தனியாக வானத்தைப் பார்த்து நின்றன. வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் மலை எங்கே என்று விசாரித்தார். "நேத்து வந்திருக்கோணுமுங்க," என்றார் தலைவர் மரியாதையாக. "முழங்கால் அளவுக்கு இருந்துச்சு."

பிறகு மேளம் கொட்ட, ரிப்பனை வெட்டி, தலைவர் படியேறினார். நாற்பதாவது படியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இறங்கத் திரும்பினார், பலகை ஞாபகம் வந்தது. அந்தப் படிகள் ஏறுவதற்கு மட்டும். இறங்க வேண்டிய மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தார். மறுபக்கம் இல்லை.

அவர் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும். சாப்பாடும் கோப்புகளும் வாளியில் கயிறு கட்டி மேலே போய்வந்தன. ஊரில் வேலை ஒன்றும் கெட்டதாகத் தெரியவில்லை.

இதை முறைப்படி மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டுமே என்று திருமூர்த்தி ஒரு வரியில் அறிக்கை அனுப்பினார். அதன் வாசகத்தை நாச்சிமுத்து பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். "எங்கள் தலைவர் மலையேறிவிட்டார்."

நான்கே நாளில் சென்னையிலிருந்து பெரிய மலர்வளையம் ஒன்று வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: அலுவலகத்தார் அனைவரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காக்கவும்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேலே தலைவரும் எழுந்து நின்று, தலையைக் குனிந்து, இரண்டு நிமிடம் முழுசாக மௌனம் காத்தார். அது முடிந்ததும் மலர்வளையம் வாளியில் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"அரசாங்கம் நம்ம மலையை மறக்கலை," என்றார்.

"அளவு சரியா இருக்குதுங்களா தலைவரே?" என்று கீழேயிருந்து கேட்டார் திருமூர்த்தி.

"கொஞ்சம் பெருசு," என்றார் தலைவர். "அடுத்த தடவை அனுப்பறப்ப கழுத்தளவைக் கேட்டுக்கிட்டு அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதுங்க."

திருமூர்த்தி எழுதினார். தலைவரே கையெழுத்துப் போட்டார்.